மூட்டைக்காரரின் வகுத்தல் கணக்கு

ஒரு விளையாட்டுப் புத்தகம் கைக்கு வந்ததும், கொடுத்த விலையை அதன் பக்க எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை அறையில் இருப்போர் அனைவருக்கும் அறிவித்துவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே அடுத்த புத்தகத்துக்குச் செல்பவர் மூட்டைக்காரர் எனப்படுகிறார். அமெரிக்க நகரம் எதிலும், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்காக நால்வர் கூடும் வீட்டில் ஐந்தாமவராக அவர் இருப்பார். நால்வர் மட்டுமே காணப்பட்டால், ஐந்தாமவர் வாசலில் நின்று கைபேசியில் எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

பாத்திரமேற்று ஆடுதல் என்பது, கேம் மாஸ்டர் எனப்படும் ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடியாகவோ மந்திரவாதியாகவோ பேசி, நினைத்தது கைகூடியதா என்பதைப் பகடை உருட்டி முடிவுசெய்யும் விளையாட்டாகும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறுநூல்களாகப் பத்து டாலருக்கு விற்கப்பட்டபோது, வாங்கியவருக்கு வகுத்துப் பார்க்க அதிகம் இருக்கவில்லை. விதிநூல்களும் சாகசக் கதைகளும் பி.டி.எஃப். கோப்புகளாக மாறி, 2004-இல் தோன்றிய 'டிரைவ்த்ரூஆர்பிஜி' போன்ற மின்கடைகளில் குவியத் தொடங்கிய பிறகே இந்த இனம் தழைக்க ஏற்ற தட்பவெப்பம் உண்டாயிற்று.

மூட்டை என்பது பத்து இருபது மின்னூல்களை ஒன்றாகக் கட்டி, சில நாட்களுக்கு மட்டும் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் முறை. கணினி விளையாட்டுகளுக்காக 2010-இல் தொடங்கிய 'ஹம்பிள் பண்டில்' இதைப் பரவலாக்க, மேசை விளையாட்டுகளுக்கென்றே ஆலன் வார்னி 2013-இல் 'பண்டில் ஆஃப் ஹோல்டிங்' என்ற விற்பனைத் தளத்தை ஏற்படுத்தினார். வெளித்தோற்றத்தைவிடப் பல மடங்கு கொள்ளும் ஒரு மாயப் பை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உண்டு; அதன் பெயரைத் தழுவியதே இப்பெயர். அந்த மாயப் பைக்குக்கூட ஐந்நூறு பவுண்டு என்ற எடை வரம்பை விதிநூல் விதிக்கிறது. மூட்டைக்காரரின் வன்தட்டுக்கு அத்தகைய விதி எதையும் எவரும் எழுதவில்லை.

இத்தகைய விற்பனையில் அடிப்படைக் கட்டுக்கு ஒரு விலையும், கூடுதல் கட்டைப் பெறுவதற்குத் தாண்டவேண்டிய வாசல் விலை ஒன்றும் இருக்கும். பிறர் தாராளமாகக் கொடுக்கக் கொடுக்க வாசல் விலை மெல்ல ஏறும் என்பதால், மூட்டைக்காரர் அறிவிப்பு வந்த முதல் இரவிலேயே, அது இருபது சென்ட் ஏறுவதற்குள், படுக்கையிலிருந்து எழுந்து பணம் கட்டிவிடுவார். பதிப்பாளர் தரப்பு நியாயமும் எளிதில் விளங்கக்கூடியது. எழுதி, படம் வரைந்து, பக்கம் அமைத்து முடித்த மின்னூலின் அடுத்த பிரதியை எடுக்கச் செலவு ஏதுமில்லை. புதிய பதிப்பு வரவிருக்கும் வேளையில் பழைய பதிப்பின் நூல்களை மொத்தமாகக் கட்டிக் கொடுத்தால், அதில் சுவை கண்டவர் புதியதை முழு விலைக்கு வாங்குவார் என்பது கணக்கு. பெரும்பாலோரிடம் இந்தத் தூண்டில் பலிக்கலாம். மூட்டைக்காரரோ இரையை மட்டும் கவ்விக்கொண்டு அடுத்த தூண்டிலுக்கு நீந்திவிடுவார்.

வகுத்தலே அவருடைய தலையாய கலை. 2009-இல் வெளிவந்த 'பாத்ஃபைண்டர்' அடிப்படை விதிநூலுக்கு 576 பக்கங்கள். அச்சுப் பிரதி 49.99 டாலர், பி.டி.எஃப். 9.99 டாலர். இந்த மூன்று எண்களும் கிடைத்த மாத்திரத்தில், அச்சில் ஒரு பக்கம் எட்டே முக்கால் சென்டை நெருங்குகிறது என்றும், மின்வடிவில் ஒன்றே முக்கால் சென்டைக்கூடத் தொடவில்லை என்றும் அவர் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். அந்நூலில் உள்ள மந்திரங்களில் ஒன்றின் பெயரையாவது சொல்லும்படி கேட்டபோது, கேள்வி காதில் விழாதவர்போல் ரொட்டியில் வெண்ணெய் தடவத் தொடங்கினார். பக்கக் கணக்கு அலுத்தபோது அவர் படக் கணக்குக்கும், பிறகு அசுரக் கணக்குக்கும் மாறியதுண்டு. அசுரக் கணக்கு என்பது, நூலின் விலையை அதில் விவரிக்கப்பட்டுள்ள அசுரர், பூதம், பறவைநாகம் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பூதம் என்ன விலை விழுகிறது என்று காண்பது.

இக்கலை தன் உச்சத்தை 2020 ஜூனில் எட்டியது. இனநீதிக்காக நிதி திரட்டும்பொருட்டு 'இட்ச்.ஐஓ' தளத்தில் படைப்பாளிகள் தங்கள் ஆக்கங்களை இலவசமாகவே அளிக்க, கணினி விளையாட்டும் மேசை விளையாட்டுமாக முடிவில் 1,741 ஆக்கங்கள் ஒரே மூட்டையில் சேர்ந்தன. குறைந்தபட்சத் தொகை ஐந்து டாலர். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்ததில் எண்பது லட்சம் டாலருக்கு மேல் திரண்டு, சட்ட உதவிக்கும் ஏழைகளின் பிணைத்தொகைக்கும் சென்றது. ஆளுக்குச் சராசரி ஏறக்குறைய பத்து டாலர் என்று இதிலிருந்து தெரிகிறது. மூட்டைக்காரர் கொடுத்தது ஐந்து. பத்தாகக் கொடுத்திருந்தால் ஈவு இரட்டித்துக் கணக்கின் அழகு கெட்டிருக்கும். ஓர் ஆக்கத்துக்கு ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்குகூட விழவில்லை என்ற அந்தச் செய்தியை அவர் இன்றைக்கும் நேற்றுத்தான் கண்டுபிடித்ததுபோல் சொல்கிறார். கேட்பவர் முன்பே கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தால், தசமப் புள்ளிக்குப் பின் இன்னும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துச் சொல்கிறார்.

வகுத்தலுக்கு அடுத்து அவர் தேர்ந்தது கழித்தல். "முந்நூற்று எண்பது டாலர் சரக்கைப் பதினெட்டு டாலருக்கு எடுத்தேன், முந்நூற்று அறுபத்திரண்டு டாலர் மிச்சம்" என்பது அவர் வாயில் மூட்டைதோறும் எண் மட்டும் மாறி வரும் வாக்கியம். மிச்சப்பட்ட பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு அவர் எக்செல் தாளைத் திறந்து காட்டினார். அத்தாளில் நூலின் பெயர், பட்டியல் விலை, கொடுத்த விலை, மிச்சம், பக்கம் ஒன்றுக்கு விலை என்று ஐந்து பத்திகள் விரிந்து கிடக்க, 'ஆடியது' என்னும் ஆறாம் பத்தி ஓர் எழுத்துகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுக்கப்பட்டிருந்தது. திரையில் இடம் போதவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மூன்று வெவ்வேறு மூட்டைகளில் வந்துசேர்ந்த ஒரே நூல் அங்கே மூன்று வரிகளில் இடம்பெற்று, மூன்று முறையும் மிச்சத்தில் கூட்டப்பட்டிருந்தது.

ஏனைய குணங்களை விரித்துரைக்கத் தேவையில்லை. பிறர் முறையில் குறுக்கிடுவதும், வறுவல் தின்ற விரலால் அடுத்தவர் தாளைத் தொடுவதும் விளையாட்டுக்காரர் பலருக்கும் பொதுவானவை. ஆயினும் இவ்வினத்தார் அனைவரும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நன்றி நவிலல் விடுமுறைக்கு முந்தின வாரம் ஒரே ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கிச் சென்ற, ஏழு பகடைகள் கொண்ட பச்சை நிறத் தொகுதியை இதுவரை திருப்பித் தராதவர்கள் என்பதைப் பதிவுசெய்வது ஆய்வு நேர்மைக்கு அவசியமாகிறது.

வாங்கிக் குவித்ததன் பயன் விளையாடும் மேசையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதும் ஆராயத்தக்கது. வீரர்கள் மழையில் நனைந்து ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறார்கள்; சத்திரக்காரர் பெயர் என்ன என்று ஒருத்தி கேட்கிறாள்; கேம் மாஸ்டர் வாய் திறப்பதற்குள் மூட்டைக்காரர் கையை உயர்த்தி, இதற்கென்றே தன்னிடம் ஒரு நூல் இருப்பதாகவும், அதில் சத்திரக்காரர் பெயர்கள் மட்டுமே நானூறு இருப்பதாகவும் கூறி டேப்லெட்டை எடுக்கிறார். படங்கள் நிறைந்த கோப்பு திறக்கையில் திரையில் சிறு வளையம் சுழல்கிறது. சத்திரத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அவர் தேட, அது இரவுணவு, வெற்றியாளர், தொடக்கம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் ஒளிந்திருப்பதால், இரவுணவு எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் திரை தாவுகிறது. பதினொரு நிமிடங்கள் கழித்து, "ஆல்டரிக்! அவர் பெயர் ஆல்டரிக்!" என்று அவர் வெற்றிக்களிப்போடு நிமிரும்போது, பாப் என்று தற்காலிகமாகப் பெயரிடப்பட்ட அந்தச் சத்திரக்காரர் கத்திக்குத்தில் மாண்டு, அடக்கம் செய்யப்பட்டு, சத்திரமும் தீக்கிரையாகியிருக்கிறது.

இவ்வளவையும் சிரித்துக் கடக்கலாம். சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது, அதற்கு மூட்டைக்காரர் பொறுப்பாகார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு இத்துறையைப்போல் பொருத்தமான உரை வேறெங்கும் கிடைக்காது. தொலைவில் இருப்போர் ஒரே வரைபடத்தைத் திரையில் பார்த்து விளையாட உதவும் மென்பொருளை மெய்நிகர் மேசை என்பர். 'ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ்', 'ரோல்20' முதலியன அவ்வகையின. கடையில் 49.95 டாலருக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அச்சு நூலை வாங்கியவர், 2017-இல் அவ்விளையாட்டுக்கெனத் தொடங்கிய 'டி அண்ட் டி பியாண்ட்' தளத்தில் அதே நூலைப் படிக்க மேலும் 29.99 டாலர் கட்டவேண்டியிருந்தது. நண்பர்கள் ஒரு மெய்நிகர் மேசையில் கூடினால் அங்கே அதே நூலுக்கு இன்னொரு விலை. வாங்கியதைத் தன் மேசைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள மாதம் 5.99 டாலர் சந்தாவும் தனியாகக் கட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஏற்றவாறு வரைபடத்தையும் எண்களையும் மாற்றியமைக்க உழைப்பு தேவை என்பது உண்மையே. ஆனால் அச்சு நூல் வாங்குவோருக்கு அதன் பி.டி.எஃப்.-ஐ இலவசமாகவே கொடுத்துவிடும் சிறு பதிப்பாளர்கள் இதே துறையில் இருக்கிறார்கள்.

டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் முன்பு சில்லறை விற்பனையும் இருந்தது. ஒரே ஒரு அசுரனோ ஒரே ஒரு மந்திரப் பொருளோ வேண்டுபவர் இரண்டு டாலர் அளவில் அதை மட்டும் வாங்கலாம். பின்னாளில் முழு நூலையும் வாங்கினால், சில்லறையாகக் கொடுத்த தொகை அதன் விலையில் கழிக்கப்பட்டது. 2024-இல் இந்தச் சில்லறை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஒரு பூதம் வேண்டியவர் முப்பது டாலர் கொடுத்து அதன் குடும்பம் முழுவதையும் அழைத்துவர வேண்டியதாயிற்று. விரும்பி மூட்டை கட்டுபவரைக் கேலி செய்யலாம். ஒற்றைக் காய் கேட்டவரின் தலையில் மூட்டையை ஏற்றும் வணிகத்தைக் கேலி செய்து பயனில்லை, அது நேரடியாகக் கண்டிக்கத்தக்கது.

இந்த இடத்தில் மூட்டைக்காரரின் பழக்கம் ஒன்று வேறு ஒளியில் தெரிகிறது. 2009 ஏப்ரலில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பு நிறுவனம் திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டித் தன் பி.டி.எஃப். விற்பனை முழுவதையும் ஒரே நாளில் நிறுத்தியபோது, முன்பே காசு கொடுத்தவர்களும் கடையிலிருந்து மீண்டும் பதிவிறக்க முடியாமற்போயிற்று. 2013-இல்தான் விற்பனை திரும்பத் தொடங்கியது. வாங்கியது கடையிலேயே பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்கள் வெறுங்கையோடு நின்றனர். மூட்டைக்காரரிடம் எல்லாமே இரண்டு வன்தட்டுகளில் இருந்தது. மூட்டையைத் தன் வீட்டிலேயே வைத்திருப்பவர்மீது பைத்தியக்காரர் என்ற பட்டத்தை ஒட்டும் பலரும், வாங்கியதன் சாவியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கடந்த கோடையில் விளையாட்டுக் குழுவினர் ஒருவர் தம் ஒன்பது வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளையும் அழைத்துவர, பெரியவர்களின் கதையில் அவள் பத்தே நிமிடத்தில் சலிப்புற்றாள். எலி வருகிற விளையாட்டு ஏதாவது உண்டா என்று அவள் கேட்டதற்கு, கேட்டவள் எதிர்பாராத வேகத்தில் மூட்டைக்காரர் எழுந்தார். ஐந்து டாலர் மூட்டையின் ஏதோ ஒரு மூலையில், சுண்டெலிகள் ஊசியை வாளாக ஏந்திப் பூனையை எதிர்க்கும் சிறு விளையாட்டு ஒன்று கிடந்தது. அதை அச்சுப்பொறியில் எடுத்து, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, இரண்டு மணி நேரம் அவர் அவளுக்குக் கேம் மாஸ்டராக இருந்தார். பூனையாகச் சீறினார்; பாலாடைக் கடைக்காரராகக் குழறினார்; அந்தக் கடைக்காரர் பெயரை எதிலும் தேடாமல் தானே சொன்னார். பக்கத்துக்கு என்ன விலை என்று அன்று மாலை முழுவதும் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை எக்செல் தாளின் ஆறாம் பத்தி சற்றே அகலப்படுத்தப்பட்டு, அதில் ஒன்று என்ற எண் எழுதப்பட்டிருந்ததாகத் தெரிகிறது. 1,741-இல் ஒன்று என்பது வகுத்துப் பார்த்தால் மிகச் சிறிய எண். அவர் வகுத்துப் பார்க்கவில்லை என்றே நம்பப்படுகிறது. அன்று சுண்டெலிகளுக்காகத் தரையில் உருண்டவை பச்சை நிறப் பகடைகள் என்பதும், அவை மொத்தம் ஆறே இருந்தன என்பதும் அங்கிருந்தோரால் கவனிக்கப்பட்டது.