நான் மட்டும்

கணவனுக்கும் மனைவிக்கும் இடையே வீட்டுக்குள் நடந்த ஒரு மாம்பழச் சங்கதியை, ஆனிப் பௌர்ணமி தவறாமல் தெருவில் மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிற ஊர் காரைக்கால். அந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டிய கணவரிடம் சொல்லவே புனிதவதியார் தயங்கினார். நாங்கள் மாடியில் நின்று கூடை கூடையாக வீசுகிறோம். இந்த ஊர்க்காரனிடம் வந்துதான், "மாமா, உங்க முகநூல்ல பிரைவசி ஒண்ணுமே இல்ல, நான் சரிபண்ணித் தர்றேன்" என்றான் அக்காள் மகன்.

எல்லோரும் பார்க்கலாம், நண்பர்கள் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கலாம் என்று வகை வகையாகப் பூட்டு இருக்கிறதாம். எனக்குப் பிடித்துப்போனது 'நண்பர்கள், இவர்களைத் தவிர' என்பது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது மட்டும் கிடைத்து வந்த சந்தோஷம் அதில் இருந்தது. பெயர்களைச் சொல்லச் சொல்ல, "போதும் மாமா, நண்பர்னு யாராவது மிஞ்சணும்" என்றான்.

வில்லங்கம் டேக்கில்தான். அடுத்தவர் போடும் படத்தில் நம் பெயரைக் கோத்துவிட்டால், நம் பக்கத்தில் அது வராமல் நிறுத்தலாம். போட்டவர் பக்கத்தில் அது பாட்டுக்கு இருக்கும். இதன் முழு அர்த்தம் தெரிந்தவர் நாகப்பட்டினத்துச் சித்தப்பா.

எங்கள் மாவட்டம் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகை, வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை. எல்லைக்கு இந்தப் பக்கம் சரக்கு மலிவு. ஆகவே சனிக்கிழமையானால் தமிழ்நாட்டு உறவினர்களுக்குத் திருநள்ளாற்றின் மேல் பக்தி பெருகும். சித்தப்பா எள் தீபம் ஏற்றியது நிஜம். ஆனால் கூட வந்த நண்பர் படம் எடுத்தது திரும்பும் வழியில். ஊர் பெயரோடு, சித்தப்பா பெயரோடு போட்டும்விட்டார். பின்னால் ஜொலித்த பலகை எண்ணெய்க் கடையுடையது அல்ல. சித்திக்கு முகநூல் கணக்கு கிடையாது. சித்தியின் தம்பிக்கு உண்டு.

நம் பக்கத்தில் பூட்டுப் போடாமலே ரகசியம் காத்த மனிதர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர், 1736 தொடங்கி 1761இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த விவகாரமும் அதில் வருகிறது. வருஷம், மாதம், தேதி, கிழமை என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒழுங்காக டேக் போட்டார். துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி எழுதி வைத்ததைத் துரை படித்திருந்தால் பிள்ளையின் உத்தியோகம் அன்றே போயிருக்கும். துரைக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதுதான் செட்டிங். அது நன்றாகவே வேலை செய்தது. 1846இல் அந்தக் குறிப்புகள் கண்டெடுக்கப்பட்டன; 1904க்கும் 1928க்கும் இடையில் சென்னை அரசாங்கம் அவற்றை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டு, 'எல்லோரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டது. பிள்ளையிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

அக்காள் மகன் போன வாரம் சித்தப்பாவின் கைப்பேசியையும் வாங்கி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தான். சித்திக்கும் இப்போது ஒரு கணக்கு தொடங்கியாகிவிட்டது. சித்தப்பாவின் 'இவர்களைத் தவிர' பட்டியலில் சித்தி முதல் ஆளாக இருக்கிறார். சனிக்கிழமை திருநள்ளாறு பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும் இருக்கிறார்.