டெமோத் திணையியல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருள்

மென்பொருள் நிறுவனங்களில் புழங்கும் ‘இன்டராக்டிவ் டெமோ’ என்னும் பொருளின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மென்பொருளின் திரைகளை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து வரிசையாகக் கோத்து, திரைக்கு ஒன்றாக மினுங்கும் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியைச் சொடுக்கினால் அடுத்த திரை வரும். வேறெங்கே சொடுக்கினாலும் ஒன்றும் நடவாது. பார்ப்பவருக்கு உள்ள உரிமை இவ்வளவே. ஆயினும் கடைசித் திரையை எட்டியதும், முழு மென்பொருளையும் தானே இயக்கிவிட்ட பெருமிதம் அவர் முகத்தில் தோன்றுகிறது. இப்பெருமிதம் எங்கிருந்து வருகிறது, நிறுவனத்தின் எந்தெந்தத் துறை அதை எவ்வாறு அறுவடை செய்கிறது என்பவை ஆய்வு வினாக்கள்.

உண்மையான மென்பொருளையே தனி இடத்தில் ஓடவிட்டு, ‘விளையாடிப் பாருங்கள்’ என்று கொடுக்கும் ‘சாண்ட்பாக்ஸ்’ முறை இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது. என்னை எனின், அதில் ஏதேனும் பழுதாக வாய்ப்புண்டு.

2. வரலாறு

டெமோவின் வரலாறு என்பது ஆபத்தைப் படிப்படியாக நீக்கிய வரலாறே. 1854-இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் உயரத்தில் நின்ற மேடையில் தானே ஏறிக்கொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை சற்றே இறங்கி நின்றது. மின்தூக்கியை உலகம் நம்பத் தொடங்கியது. பொருள் தவறினால் விற்பவரும் விழுவார் என்னும் அறம் அன்று இருந்தது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட், காணொளி உரையாடல் ஆகியவற்றை 90 நிமிடம் நேரடியாக இயக்கிக் காட்டினார். இங்கே விழுந்தால் உயிர் போகாது; மானம் மட்டுமே போகும். மானம் போவதற்குச் சான்று 1998 ஏப்ரலில் சிகாகோவில் கிடைத்தது. வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டியபோது, ஸ்கேனரை இணைத்த மாத்திரத்தில் திரை நீலமாயிற்று. பக்கத்தில் பில் கேட்ஸ் நின்றிருந்தார்.

பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது. 2007 ஜனவரி 9-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகம் செய்தபோது கையிலிருந்த கருவி அரைகுறையானது என்றும், வேலைகளைக் குறிப்பிட்ட ஒரு வரிசையில் செய்தால் மட்டுமே அது தடுமாறாமல் ஓடும் என்றும், அந்த வரிசையே ஒத்திகை பார்க்கப்பட்டது என்றும் அதில் உழைத்த பொறியாளர்கள் பின்னாளில் கூறினர். அன்று வரிசை தவறாமல் காத்தது மேடையில் நின்றவரின் பயிற்சி. இன்டராக்டிவ் டெமோவில் வரிசை தவறவே வழியில்லை. ஆகவே பயிற்சியும் வேண்டாம், மேடையும் வேண்டாம், மென்பொருளும் அருகில் இருக்கத் தேவையில்லை.

3. திணைப் பாகுபாடு

ஒரே டெமோ ஒவ்வொரு துறையிலும் வெவ்வேறு உரிப்பொருள் கொள்வதால், இதற்கு ஐந்திணைப் பாகுபாடே பொருந்தும்.

குறிஞ்சி: மார்க்கெட்டிங். நிலம், இணையதளத்தின் முகப்பு. உரிப்பொருள், கூடல். பெயர் சொல்லாமல் டெமோவைச் சொடுக்கிப் பார்ப்பது களவு. படிவத்தில் பெயரும் மின்னஞ்சலும் தருவது கற்பு. படிவத்தை எங்கே வைப்பது என்பதில் மூன்று கொள்கை உண்டு. முன்னே வைத்தால் பாதிப் பேர் ஓடிவிடுவர் என்பர் ஒரு சாரார். பின்னே வைத்தால் பார்த்துவிட்டு ஓடிவிடுவர் என்பர் மற்றொரு சாரார். ஆவல் உச்சம் தொடும் நடுத்திரையில் வைக்க வேண்டும் என்போர் மூன்றாமவர். பொய் மின்னஞ்சல் அதிகம் பெறுபவரும் இவரே. எத்தனையாவது திரையில் எத்தனை பேர் கழன்றுகொண்டனர் என்பதைக் கருவி துல்லியமாகச் சொல்லிவிடும். ஏன் கழன்றனர் என்பதைச் சொல்லாது. மூலையில் எட்டிப்பார்த்து ‘உதவி வேண்டுமா?’ என்னும் சாட்பாட் தோழியாவாள். அடுத்தடுத்து வரும் மின்னஞ்சல்கள் வரைவு கடாதல்.

முல்லை: சேல்ஸ். உரிப்பொருள், இருத்தல். பொழுது, காலாண்டின் கடைசி வாரம். வாடிக்கையாளர் நிறுவனத்தின் லோகோவை டெமோவில் பதித்து, கூட்டம் முடிந்த கையோடு லிங்க்கை அனுப்பிவிட்டு ஆற்றியிருப்பர். இத்திணையில் டெமோவின் பயன் மெய்யானது. வாங்க விரும்பும் மேலாளர் தம் மேலதிகாரிக்கும் நிதிப்பிரிவுக்கும் ஐ.டி. பாதுகாப்புப் பிரிவுக்கும் தாமே விளக்கினால் பாதி மறந்துபோகும்; லிங்க் மறப்பதில்லை. அது திறக்கப்படும்போதெல்லாம் அனுப்பியவருக்கு அறிவிப்பு வரும். “சார், அவங்க ஃபைனான்ஸ் டீம் மூணு தடவை பாத்திருக்காங்க!” என்ற குரல் முல்லைக்கே உரிய நற்சொல். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவன், ‘பட்ஜெட் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது’ என்று ஒரு வரி அனுப்புவதுண்டு.

மருதம்: ப்ராடக்ட் துறை. உரிப்பொருள், ஊடல். டெமோவில் உள்ள ஒரு பட்டன் மென்பொருளில் இல்லை என்பதை ப்ராடக்ட் மேனேஜர் கண்டுபிடிக்கும் கணத்தில் இத்திணை பிறக்கிறது. “யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?” என்று அவர் கதவடைப்பார். “அடுத்த ரிலீஸ்ல வரும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று சேல்ஸ் வாயிலில் நிற்கும். இருவருக்கும் நடுவே தூது செல்வோர் ப்ரீசேல்ஸ் பொறியாளர்கள். ஒரே விளக்கத்தைத் தினமும் ஒப்பிக்கும் பிறவியிலிருந்து டெமோ தங்களை மீட்டதால், இவர்கள் யார் பக்கமும் சாய்வதில்லை. குறிப்பு: கட்டுமுன்பே ஒரு வசதியை டெமோவாக வரைந்து வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்பது ப்ராடக்ட் துறைக்கும் வழக்கமே. அவர்கள் செய்தால் அது ஆய்வு. சேல்ஸ் செய்தால் பொய்.

நெய்தல்: சப்போர்ட். உரிப்பொருள், இரங்கல். பன்னிரண்டு படிகளை எழுதி விளக்குவதைவிட, உதவிப் பக்கத்தில் டெமோவைப் பதித்துவிட்டால் வாடிக்கையாளர் சொடுக்கியே கற்றுக்கொள்வார் என்பது கொள்கை. கொள்கை சரியே. டிசைன் குழு பச்சை பட்டனை நீலமாக்கி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றும் நாள் வரை அது சரி. மறுநாள் காலை முதல் “பச்சை பட்டன் எங்கே?” என்னும் அலைகள் ஓயாது. டெமோவைத் திருத்தலாமெனில், அதை உருவாக்கியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். லாகின் அவருடைய பழைய மின்னஞ்சலில் இருக்கிறது. டெமோவைப் பயன்படுத்த எல்லாத் துறைகளும் உண்டு; பராமரிக்க ஒரு துறையும் இல்லை.

பாலை: கஸ்டமர் சக்சஸ். உரிப்பொருள், பிரிதல். பாலைக்கெனத் தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுவே பாலை என்பது மரபு. மார்க்கெட்டிங்கும் சேல்ஸும் சொன்னவை வறண்ட இடத்தில், சந்தா புதுப்பிக்கும் மாதத்தில், இத்துறை போய் நிற்கிறது. காசு கொடுத்தும் ஓராண்டாகத் தொடாத வசதிகளை டெமோவாகக் காட்டிப் பிரிவைத் தடுப்பதே இதன் தொழில். “இது இருக்குன்னு தெரியவே தெரியாதே!” என்று வாடிக்கையாளர் வியந்தால் வெற்றி.

முகமறியாதவருக்கு டெமோவை அனுப்பி, பதில் வராமலே ஐந்து முறை நினைவூட்டுவது கைக்கிளை. பெருந்திணை நிர்வாக இயக்குநருக்கு உரியது. அவர் டெமோவைப் பார்த்துவிட்டுப் பொறியாளர்களை அழைத்து, “நம்ம ப்ராடக்ட் ஏன் இவ்வளவு வேகமா இல்லை?” என்று கேட்பார். பொருந்தாக் காமம் என்பது இதுவே.

4. கருப்பொருள்

டெமோ நிலத்தின் மாந்தர்: ஜான் டோ. ஊர்: அக்மி கார்ப்பரேஷன். இங்கே விற்பனைக் கோடு மேல்நோக்கியே வளரும். கெடு தாண்டிய வேலை ஒன்றுகூட இராது. சென்னையில் கட்டப்படும் டெமோக்களிலும் இதுவே நிலை. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தில் என்ன இடுவது என்று திகைக்கும் முருகன் எவரும் அங்கே குடியேறியதில்லை. பாஸ்வேர்டு மறந்தவரும் இல்லை; இணைய இணைப்பு அறுந்தவரும் இல்லை.

5. முடிபு

மார்க்கெட்டிங் முதல் சப்போர்ட் வரை எந்த இரு துறைகளும் மென்பொருளைப் பற்றி ஒரே கருத்துக் கொண்டிருப்பதில்லை. டெமோ வேண்டும் என்பதில் மட்டும் அனைவரும் ஒருமனப்படுகின்றனர். காரணம், டெமோவில் வாடிக்கையாளர் என்பவர் இல்லை; சொடுக்கும் விரல் மட்டுமே உண்டு. தொடக்கத்தில் எழுப்பிய பெருமிதம் பற்றிய வினாவுக்கும் இதுவே விடை: தவறு செய்ய இடமே தராத பொருளிடம் மனிதன் தன்னைத் திறமைசாலியாகக் காண்கிறான்.

புறனடை: மேற்கூறிய விதிகள் யாவும், எதிரே இருப்பவர் தம் மடிக்கணினியைத் திறந்து, “எங்க எக்செல் ஃபைல் ஒண்ணு இருக்கு, அதை இதுல ஏத்திக் காட்டுங்களேன்” என்று கேட்கும் வரையில் மட்டுமே செல்லும்.