கன்னி ராசிக்கு இடமாற்றம் இல்லை

நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகைக்கு மூன்று நிருபர்கள். மூன்று பேரும் நான்தான். மாநகர சபைச் செய்தி என்றால் ‘நமது நிருபர்’. கோயில் தேர் என்றால் ‘விசேட செய்தியாளர்’. வாழைத்தோட்டத்தில் கத்திக்குத்து என்றால் ‘கொழும்பு நிருபர்’. புதன் இரவு பக்கம் நிரம்பாவிட்டால் ராசிபலன் எழுதும் ஜோதிட கலாநிதியும் நானே.

வீடு இரத்மலானை, அலுவலகம் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்துக்கு மேல்மாடி. கோட்டைக்கு ரயில், பிறகு பஸ். வெள்ளவத்தையில் ஏறுகிற தெரிந்த முகங்கள் தவறாமல் கேட்கும்: “என்ன தம்பி, இன்னும் அங்கைதானோ?” காலி வீதிப் பேப்பர் கடைகளில் வீரகேசரி, தினகரன், தினக்குரல் எல்லாம் முன்னால் தொங்கும். எங்கள் பத்திரிகையை நான் அதிகம் கண்டது கச்சான் சரையாகத்தான்.

போகத்தான் வேண்டும். எப்போது போவது? அதுதான் சிக்கல்.

அப்பாவிடம் இதற்கு ஒரே பதில். “கைலாசபதி 26 வயசிலை தினகரனுக்கு ஆசிரியர்.” எனக்கு அப்போது 29. அவர் சில வருடங்களிலேயே அந்தக் கதிரையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டார் என்பதை மட்டும் அப்பா சொல்வதில்லை.

1997இல் தினக்குரல் வரப்போகிறது என்றதும் எங்கள் மாடியில் ஒரு பரபரப்பு. புதுப் பேப்பர் ஒன்று தொடங்கினால்தான் பழைய பேப்பர்களில் கதிரை காலியாகும். இந்தத் தொழிலில் பதவி உயர்வு என்பது பெரும்பாலும் அடுத்தவன் எழும்பிப் போவதுதான். நானும் ஒரு விண்ணப்பம் எழுதினேன். எழுதி முடித்த அன்றே எங்கள் முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தை ஒன்றாகத் தந்து, தோளிலும் தட்டினார். தோளில் தட்டிய மனிசனை விட்டுப்போக மனம் வருமா? விண்ணப்பத்தைக் கிழித்தேன். அடுத்த மாதம் சம்பளம் வரவில்லை. இப்போது போனால் அந்தக் காசு அம்போ. ஆக, பாக்கி இருந்தால் போக முடியாது, பாக்கி தீர்ந்தால் போக மனமில்லை. இந்தக் கணக்கிலேயே இன்னொரு வருடம் ஓடியது.

எங்கள் ஊர் விமான நிலையத்துக்கு 1935இல் முதல் விமானம் வந்தது. பிறகு ஜெட் விமானங்களுக்கு ஓடுபாதை நீளம் காணாது என்று பெரிய விமானமெல்லாம் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டன. அவற்றுக்கு யாரும் சம்பளம் பாக்கி வைத்திருக்கவில்லை போலும்.

அம்மாதான் பெரிய தடை. ஒவ்வொரு கிழமையும் எங்கள் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து வாசிக்கும் ஒரே ஆள் அவதான். “தம்பி, அவசரப்படாதை. கன்னி ராசிக்கு இந்தக் கிழமை இடமாற்றம் வேண்டாமெண்டு போட்டிருக்கு.” நாலு வரி குறைகிறது என்று புதன் இரவு பத்தரை மணிக்கு நான் எழுதியது அது. சொன்னால் கலாநிதி மேலிருந்த நம்பிக்கை போய்விடும். அடுத்த கிழமை ‘உத்தியோக உயர்வு கிட்டும், தாமதியாதீர்’ என்று எழுதினேன். ஒப்புநோக்கியவர் அதைத் துலாமில் சேர்த்துவிட்டார். பக்கத்து வீட்டுத் துலாம் ராசிப் பெடியன் அந்த மாதமே வங்கியில் வேலைக்குச் சேர்ந்தான்.

கடைசியில் அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு பெரிய பத்திரிகைக்கு நேர்முகத்துக்குப் போனேன். கோப்பு நிறைய வெட்டி ஒட்டிய செய்திகள். எதிரே இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு புரட்டினார்.

“எல்லாத்திலையும் நமது நிருபர் எண்டல்லோ கிடக்கு. எழுதினது நீர்தான் எண்டு எப்படி நம்புறது?”

“எழுத்துப்பிழை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் ஐயா.”

இன்னும் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். உண்மை என்று பட்டிருக்க வேண்டும். “சரி, எப்ப வாறீர்?”

“மூண்டு மாசச் சம்பளம் வரவேண்டிக் கிடக்கு ஐயா. அது கிடைச்ச உடனை வாறன்.”

கோப்பை மூடி, பத்திரிகையின் பெயரை மறுபடி பார்த்தார்.

“நானும் அங்கை இருந்துதான் தம்பி வந்தனான். எனக்கு இன்னும் ரெண்டு மாசம் தரவேணும். நீர் கேக்கேக்கை என்ரையையும் சேர்த்துக் கேளும்.”