தொண்டுக்கு எதற்குச் சம்பளம்?

செவிலியர் வேலை தொழிலா, தொண்டா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். தமிழக அரசு 2015-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டதே! ஒப்பந்த செவிலியருக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய். சந்தேகமே இல்லை, தொண்டுதான். ராத்திரி டூட்டியில் ஒற்றை ஆளாக வார்டு முழுக்க டிரிப்ஸ் மாற்றும்போது பணத்தாசை வந்தால் நரம்பு கிடைக்குமா? இரண்டு வருடத்தில் பணி நிரந்தரம் என்றதைத் தள்ளிப்போட்டதும் அந்த அக்கறையில்தான். 2017-ல் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடியவர்களுக்கு இது விளங்கவில்லை. போகட்டும், 2020-ல் கொரோனா வந்தபோது அவர்களுக்காகக் கைதட்டினோம். ஹெலிகாப்டரிலிருந்து பூவும் தூவினோம். பூவுக்குப் பிடித்தம் கிடையாது.

மக்கள் சேவையே மூச்சான எம்.எல்.ஏ.க்களுக்கு அதே 2017-ல் சம்பளம் 55,000-லிருந்து 1,05,000 ஆனது. அவர்களுடையது பிறவித் தொண்டுள்ளம். எவ்வளவு கொடுத்தாலும் கெடாது.