குடிகாட்டு ஹாலில் 7.1: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஹோம் தியேட்டர் ரிசீவரில் எந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. இளங்கோவடிகள் ஆடரங்குக்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று கணக்குச் சொன்னார். சோபாவை எங்கே போடுவது என்பதைச் சொல்லாமல் விட்டார். அக்குறையை நீக்குவதே நம் நோக்கம்.

ஆய்வுக்களம், கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் அடுப்படி, மூன்றாம் பக்கம் பீரோ.

வாட் பற்றிய மூடநம்பிக்கையே இத்துறையில் மிகப் பழையது. அந்நாளைய டேப் ரெக்கார்டரில் ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்களே 'பிஎம்பிஓ' என்னும் ஊதிப் பெருக்கிய வாட் கணக்கு, அதன் பேரப்பிள்ளை இது. அட்டைப்பெட்டியில் 150 வாட் என்றிருந்தால், பெரும்பாலும் ஒரே சேனலை மட்டும் ஓட்டிப் பார்த்த கணக்கு. வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வேண்டும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலோடு மோத எண்ணுவோர் அறிக: குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்துக்கு வீட்டு ஸ்பீக்கர் பல பத்து வாட் கேட்கும். தோல்வி உறுதி.

அட்மாஸ் என்னும் ஒலிமுறை 2012-இல் 'சிவாஜி 3டி' படத்தோடு தமிழுக்கு வந்தது. சத்தம் தலைக்கு மேலிருந்தும் வரவேண்டும் என்பது அதன் தத்துவம். அந்த இடத்தில் நம்மிடம் ஏற்கெனவே ஃபேன் இருக்கிறது. சித்திரை வெயிலில் அதை நிறுத்திவிட்டு அட்மாஸ் கேட்டவர் எவரும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. 7.1 கூடுதலாகக் கேட்கும் பின்பக்கச் சேனல்களுக்கோ இடமே இல்லை. சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. 7.1 வாங்கினால் மிஞ்சும் ஒயரைத் துணிக்கொடியாகக் கட்டலாம். 5.1 போதும். 8கே படத்தெளிவா? வீட்டில் ஓடுவது அரசு கேபிளில் சீரியல்.

காசு கொடுக்கத் தக்கது ரிசீவரோடு வரும் சின்ன மைக். சோபாவில் வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கூவவைத்து, தூரத்தையும் சத்தத்தையும் தானே திருத்தும். அறையின் முழக்கத்தையும் ஓரளவு அடக்கும். இளங்கோ கோலால் அளந்ததை இது ஒலியால் அளக்கிறது. டிவி சத்தத்தை ஒரே ஒயரில் இறக்கும் ஏஆர்சியும் வேண்டும். அது 2009-இலேயே வந்த சாதாரண வசதி. அதன் பெயரைச் சொல்லிக் கடைக்காரர் விலையேற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது, நெய்வேலி மின்நிலையம் இதே மாவட்டத்தில் இருந்தும் ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. போன மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் எகிறலாம். எனவே மிச்சக் காசுக்கு நல்ல ஸ்டெபிலைசர் வாங்குக. உப்பங்காற்றில் ஸ்பீக்கர் ஒயர் முனை பச்சை பிடிக்கும். ஆண்டுக்கொருமுறை சுரண்டி முறுக்குக. பழைய பிளேடு போதும்.