துருவம் தொட்டு நியூயார்க்

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால், அது வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். விமானி நூலுக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. பின்காற்று கிடைக்குமென்றால் பசிபிக்கைச் சுற்றிக்கொண்டு போவார். தூரம் கூடும், நேரம் குறையும். (டாக்சிக்காரர் சுற்றினால் மட்டும் சண்டைக்குப் போகிறோம்.)

எப்படிப் போனாலும் ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். இதற்கென்றே வடிவமைத்த ஏர்பஸ் ஏ350 ரகத்தில் மொத்தம் 161 இருக்கைகள். சாதாரண வகுப்பே கிடையாது. ஆள் கூடினால் எடை கூடும், எரிபொருள் தாங்காதாம். ஏழையின் முழங்கால்மீது இத்தனை கரிசனம் வேறெந்த விமானத்திலும் கிடைக்காது!

கோடையில் நள்ளிரவு ஏறினால் நியூயார்க்கில் அதே தேதி, காலை ஏழுக்குள் இறக்கிவிடுவார்கள். கடிகாரக் கணக்கில் ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. வீங்கிய கால்தான் சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கிறது. அதோடு போய் குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டும். அந்தத் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது.