அத்தான் கேட்ட கேள்வி

சவுசவு, பிஜி
ஆடி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். படகின் சௌக்கியம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு போனில் ஆளாளுக்குக் கேட்டீர்கள். சின்னவள் திமிங்கிலம் பார்த்தேனா என்றாள். நீ, கறுத்துப் போனேனா என்றாய். (போயிருக்கிறேன். இன்னும் கறுக்க இடம் இருந்திருக்கிறது, அதுதான் ஆச்சரியம்.) அம்மா ராத்திரிச் சாப்பாட்டை விசாரித்தாள். அத்தான் மட்டும் கடைசியில் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, குரலை இறக்கி, "அதெல்லாம் சரி மாப்ளே, கக்கூஸுக்கு என்ன பண்ணுதிய?" என்றார். குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் குழாயோடு கிடந்த மனுஷருக்கல்லவா அந்தக் கேள்வி தோன்றும்! பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டு. சாப்பாட்டு நேரம் மட்டும் வேண்டாம்.

படகு மொத்தமே 34 அடி. அதன் முன்பக்கம் ஒரு மூலையில் கழிப்பறை. உட்கார்ந்த பிறகுதான் கதவைச் சாத்த முடியும். சாத்திய பிறகு முழங்கையை அசைக்க முடியாது. மேலே தொட்டி கிடையாது, அழுத்தப் பொத்தான் கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். நம் தெருமுனை அடிபம்பேதான். தண்ணீர் குடத்துக்குப் போகாமல் கிண்ணத்துக்குப் போகிறது.

கதவின் உள்பக்கம் கேப்டன் கைப்பட எழுதி ஒட்டிய சட்டதிட்டம் இருக்கிறது. கேப்டன் யார் என்று உனக்குத் தெரியும். துறைமுகக் காகிதங்களில் உன் தம்பி பெண்டாட்டி கேப்டன், உன் தம்பி சிப்பந்தி. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை. சட்டம் இப்படிப் போகிறது: படகின் அடியில் இரண்டு ஓட்டைகள், ஒன்றில் கடல் உள்ளே வரும், மற்றதில் நம்முடையது வெளியே போகும். முதலில் குனிந்து இரண்டு வால்வையும் திறக்க வேண்டும். காரியம் முடிந்ததும் சின்ன நெம்புகோலை 'ஈரம்' பக்கம் தள்ளி இருபது அடி. பிறகு 'உலர்' பக்கம் தள்ளிப் பத்து அடி. பிறகு மறுபடி குனிந்து இரண்டு வால்வையும் மூட வேண்டும். மூடாமல் வந்தால் என்ன ஆகும் என்று அத்தானுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கிண்ணம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் சத்தமில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். கழிப்பறை வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிய படகுகள் உண்மையிலேயே உண்டு. புயலில் போனது, பாறையில் மோதியது என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இதை எப்படிச் சொல்வது?

நங்கூரம் போட்டு நிற்கும்போது இத்தனையும் சுகம். பாய் விரித்து ஓடும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே போகும். இடப்பக்கம் சாய்ந்தால் உட்கார்ந்தவனைச் சுவர் தாங்கும். வலப்பக்கம் சாய்ந்தால் கதவு தாங்க வேண்டும். கதவில் இருப்பது ஒரு சின்னப் பித்தளைத் தாழ்ப்பாள். அது தாங்காத அன்று, எதிரே அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

கிராமத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது வெளியே விடக் கூடாது. சனங்கள் அங்கேதான் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். உள்ளே ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து ஆழ்கடலுக்குப் போய்த் திறந்துவிட வேண்டும். சூரியன் இறங்கும் நேரம், பாய் முழுக்கக் காற்று என்று ஒரு படம் அனுப்பினேனே, அத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராமே? அது தொட்டி காலி பண்ணப் போன பயணம்.

பெருமைக்கும் ஒன்று சொல்லவேண்டும். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே அழுகை, காகிதம் போட்டுப் போட்டுக் குழாய் அடைத்துக்கொள்கிறதாம். மாலையில் ஒன்றுகூடினால் முதிய வெள்ளைக்காரர்கள் எல்லாம் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சொம்பு இனத்தில் பிறந்த எனக்கு அங்கே இருக்கும் மரியாதையை நீ பார்க்க வேண்டும். ஒரு ஜெர்மன்காரர் செய்முறை கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஆனால் சொம்பையும் கடல் விடவில்லை. உப்புத் தண்ணீரும் சிறுநீரும் சேர்ந்தால் குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பு படிந்துகொண்டே வரும். வினிகர் ஊற்றிப் பார்ப்போம். கேட்காவிட்டால் குழாயைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து உதிர்க்க வேண்டும். குழாயின் முடிவில் உதடுபோல ரப்பர் வால்வு ஒன்று உண்டு, போனது திரும்பி வராமல் தடுப்பது அதன் வேலை. போன வாரம் அது வேலையை விட்டுவிட்டது. புதியது ஆக்லாந்திலிருந்து வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. கூரியர்காரன் அதை எந்தத் தீவில் இறக்கினானோ. அதுவரை வாளி. அத்தானிடம் இந்த ஒரு சொல்லை மட்டும் சொல், புரிந்துகொள்வார்.

இவ்வளவு திட்டினேன், ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். ராத்திரி விளக்குப் போடாமல் பம்பை அடித்தால் உள்ளே வரும் கடல்நீரில் பச்சையாகப் பொறிப்பொறியாக மின்னும். கடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அலைக்கழிந்தால் ஒளிவிடும். வேண்டுமென்றே இருபதுக்குப் பதில் நாற்பது அடித்திருக்கிறேன். கேப்டனுக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. குளியல் கடலில், கடைசியில் ஆளுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர். மழை வந்தால் பாயைக் கட்டித் தண்ணீர் பிடித்துக்கொள்வோம். உருளைக்கிழங்கைக் கடல்நீரில் வேகவைத்தால் உப்பு மிச்சம். அட்டைப்பெட்டி படகுக்குள் வரவே கூடாது, மடிப்பில் கரப்பான் முட்டை இருக்குமாம்; கடையிலிருந்து வந்த ஒவ்வொரு சாமானும் கரையிலேயே பெட்டியை விட்டுவிட்டுத்தான் ஏறும். பெரிய பாறைமீனைப் பிடித்தால் ஊர்க்காரர்களைக் கேட்காமல் தின்னக் கூடாது. பவளப்பாறைப் பாசியிலிருந்து ஒரு நஞ்சு சின்ன மீனில் ஏறி, அதைத் தின்ற பெரிய மீனில் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அது ஏறியவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் சுடுமாம். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

என் உத்தியோகம் என்ன என்று கேட்பாய். படகின் மூக்கில் நின்று கடலைப் பார்ப்பது. இங்கே வரைபடத்தை நம்பிப் போக முடியாது, கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் பாறை தெரியும்: கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். நான் கத்துவேன், அவள் திருப்புவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு டிராயிங் வராது என்று அடித்தார்களே, அந்தக் கண்ணை நம்பித்தான் இப்போது கப்பல் ஓடுகிறது.

இன்னொரு பெருமை. 180 பாகைத் தீர்க்கரேகை இந்த நாட்டுக்குள்ளேயே, தவியூனித் தீவின் மேலேயே ஓடுகிறது. கடலில் அதைத் தாண்டும்போது கருவி கிழக்கை மேற்கு என்று மாற்றிக் காட்டும். தேதி மாறாது, தேதிக்கோட்டை பிஜிக்காகக் கிழக்கே வளைத்துவிட்டிருக்கிறார்கள். கிழக்கில் பல் விளக்கி மேற்கில் காப்பி குடித்தேன். பெரியப்பா காசிக்குப் போனதையே சாகிறவரை சொன்னார். நான் இதை எத்தனை வருஷம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்.

எந்தக் கிராமத்தில் நங்கூரம் போட்டாலும் முதல் வேலை செவுசெவு. (ஊர் சவுசவு, சடங்கு செவுசெவு, குழப்பிக்கொள்ளாதே.) சந்தையில் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிப் போய்த் தலைவர் முன் வைத்து, தங்க அனுமதி கேட்க வேண்டும். அந்தத் தண்ணீரும் கரையும் அவர்களுடையது, கேட்பதுதான் முறை. ஊருக்குள் தொப்பி கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது, இடுப்பில் துணி சுற்றியிருக்க வேண்டும். மற்ற படகுக்காரர்கள் சுலு என்னும் அந்தத் துணியை வாங்கிக் கட்டத் தெரியாமல் அவிழ அவிழ நிற்க, நான் வேட்டியோடு இறங்கினேன். வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். ஒரு முறை கைதட்டி, "புலா" சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை கைதட்ட வேண்டும். சேற்றுத் தண்ணீர் ருசி. நாக்கும் உதடும் மரத்துவிடும். கேப்டன் யார் என்று கேட்டார் தலைவர். பக்கத்தில் காட்டினேன். பெரியவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கு இன்னொரு சிரட்டை ஊற்றச் சொன்னார்.

நம்மவர்கள் இல்லாமலா? 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்திருக்கிறார்கள். நாந்தி ஊரில் பெரிய முருகன் கோயில். சுவாவில் மாரியம்மன் கோயில், இந்த மாதத்தில்தான் அங்கே தீமிதி. நானும் அவளும் எப்படியாவது போய்விட நினைத்தோம். சுவா இங்கிருந்து தெற்கே. அடிப்பதோ நாள்கணக்காகப் பலத்த தென்கிழக்குக் காற்று. ஃபெரியில் போகலாம். ஆனால் படகை இந்தக் காற்றில் நங்கூரத்தை நம்பி விட்டுப் போகக் கேப்டனுக்கு மனசில்லை. கப்பல் வைத்திருப்பவன் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அவர்களை ஒரு வாரம் இங்கே அனுப்பு. போக முடியாததைக் கேட்டு இங்கே ஒரு கடைக்காரம்மா திருநீறு ஒரு பொட்டலம் கொடுத்தார்.

அன்றைக்கு நீ பேசும்போது பின்னால் நம் கோயில் மைக் அலறிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நான் போனை வைக்காமல் ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன். சின்னவள் மார்க்கைப் பற்றி நீ சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. மறுபடி எழுது.

பெரியவள் கல்யாணத்தை ஐப்பசியில் வைத்துவிட்டு, "வந்துருவேல்ல?" என்று கேட்கிறாய். தாய்மாமன் இல்லாமல் நீ எப்படி நடத்திவிடுவாய் என்று பார்க்கிறேன். நவம்பரில் இங்கே புயல் காலம் தொடங்கும். அதற்குள் மேற்கே வுந்தாவில் படகைக் கரையேற்றி, மண்ணில் தோண்டிய குழிக்குள் அடிப்பாகத்தை இறக்கி, பட்டை போட்டுக் கட்ட வேண்டும். குழிக்கு மாத வாடகை வேறு. அந்தக் காசுக்கு நம் பக்கத்தில் மூன்று சென்ட் மனை பேசலாம். காற்று விட்டால் இருவரும் வருகிறோம். விடாவிட்டால் நான் மட்டும் நாந்தியிலிருந்து விமானம் ஏறுகிறேன். முகூர்த்தப் புடவைக்கு என்னைக் கேட்காமல் கடைக்குப் போகாதே.

அன்புடன்,
தம்பி

மதினி, நான் சேர்த்து எழுதுகிறேன். இவரைக் கட்டாயம் அனுப்பிவைக்கிறேன். நாற்பது அடி அடிப்பது எனக்குத் தெரியும், சத்தம் கேட்காதா. வரும்போது இவரிடம் கொடுத்துவிட வேண்டியது: குக்கர் காஸ்கெட் 5 லிட்டருக்கு மூன்று, வெயிட் வால்வு ஒன்று, உங்கள் குழம்புப்பொடி நன்றாக அரைத்தது. முழு மல்லி, முழுக் கடுகு வேண்டாம், முளைக்கிற விதை என்று இங்கே இறங்கும்போதே வாங்கிவைத்துக்கொள்வார்கள். காஸ்கெட் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னால் 3 லிட்டருக்கு வாங்கி வருவார்.